தரகர் போடும் சராசரி

மனைத் தரகர்களைக் குறை சொல்பவர்கள் அவர்களுடைய கணித ஞானத்தை அறியாதவர்கள். பக்கத்துக்கு ஓர் அளவாகக் கோணிக்கிடக்கும் மனைக்குப் பரப்பளவு காண ஒன்பதாம் வகுப்புப் பாடப்புத்தகம் என்ன பாடு படுத்துகிறது! குறுக்கே மூலைவிட்டம் போட வேண்டுமாம், இரண்டு முக்கோணமாக்க வேண்டுமாம், ஹெரான் சூத்திரத்தில் வர்க்கமூலம் வேறு எடுக்க வேண்டுமாம். தரகர் நின்ற இடத்திலேயே முடித்துவிடுவார். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கு, வந்த இரண்டையும் பெருக்கு. அவ்வளவுதான்.

இது நேற்று முளைத்த வித்தையும் அல்ல. எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரில், 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, கோயில் நிலங்களை இப்படித்தான் கணக்கிட்டு வெட்டிவைத்திருக்கிறார்கள். முக்கோண நிலமா? நாலாவது பக்கம் ‘ஒன்றுமில்லை’ என்று வைத்துக்கொண்டு அதே பெருக்கல். நம் பிரம்மகுப்தரும் 628இல் இதை எழுதினார். எழுதியவர் சும்மா இருந்திருக்கலாம். இது தோராயம் என்று சொல்லி, நுட்பமான சூத்திரம் ஒன்றையும் பக்கத்திலேயே வைத்துவிட்டார். பிழைக்கத் தெரியாதவர். தரகர் அந்தத் ‘தோராயம்’ என்ற சொல்லை மட்டும் தள்ளிவிட்டு மரபைக் காக்கிறார்.

ஒரு மனையைப் பார்ப்போம். வடபுறம் 30 அடி, தென்புறம் 50, மேல்புறம் 40, கீழ்புறம் 60. சராசரி 40க்கு 50, ஆக 2,000 சதுர அடி. “நாலரை சென்டுக்கு மேலயே இருக்கு சார்.” ஈசானிய மூலையிலிருந்து கன்னி மூலைக்கு டேப் பிடித்தால் 50 அடி வருகிறது என்று வையுங்கள். ஒரு பக்கம் 30, 40, 50 முக்கோணம், பரப்பு 600. மறுபக்கம் 50, 50, 60 முக்கோணம், பரப்பு 1,200. கூட்டினால் 1,800தான். மீதி 200 சதுர அடி தரகர் தன் அறிவால் உண்டாக்கியது. சதுர அடி 2,500 ரூபாய் என்றால் ஐந்து லட்சம். உழாமல் விதைக்காமல் இப்படி நிலம் விளைவிக்கும் விவசாயி வேறெங்கே உண்டு? அந்த ஐந்து லட்சத்துக்கும் சேர்த்து இரண்டு சதவீதம் கமிஷன் கேட்பது அவருடைய உழைப்பின் கூலி.

இந்தக் கணக்கின் தனிச்சிறப்பே அதன் விசுவாசம். சாதாரண மனிதன் தவறினால் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். இது குறைந்ததே கிடையாது. நாலு மூலையும் செங்கோணமாக இருந்தால் சரியாக வரும். மூலை சாய்ந்தால் கூடித்தான் வரும். பக்கத்துக்கு 50 அடியாக நாலு பக்கமும் உள்ள சதுர மனை 2,500 சதுர அடி. அதையே சாய்த்து, மூலைவிட்டங்கள் 96 அடியும் 28 அடியும் ஆகும்வரை நசுக்கினால் மிஞ்சுவது 1,344. தரகருக்கு அப்போதும் 2,500. முழுக்க நசுக்கி ஒரே கோடாக்கினாலும், அந்தக் கோட்டின் மேல் ஐந்தே முக்கால் சென்ட் மனையை உங்களுக்கு முடித்துக் கொடுப்பார்.

கொத்தனாருக்கு இந்தப் பெருந்தன்மை போதாது. நூல் கட்டும்போது இந்தப் பக்கம் 3 அடி, அந்தப் பக்கம் 4 அடி குறித்துக்கொண்டு, குறுக்கே 5 அடி வந்தால்தான் மூலை மட்டம் என்று ஒப்புவார். ஒரு விரற்கடை பிசகினாலும் முளைக்குச்சியைப் பிடுங்கி மறுபடி அடிப்பார். இப்படிப் பிடிவாதம் பிடித்தால் எந்தக் காலத்தில் முன்னுக்கு வருவது?

கிரயப் பத்திரம் எழுதுபவர்கள் தரகரின் மனமறிந்தவர்கள். கிழமேல் வடபுறம் இத்தனை அடி, தென்புறம் இத்தனை, தென்வடல் மேல்புறம் இத்தனை, கீழ்புறம் இத்தனை என்று ராகம் போட்டுப் பெரும்பாலும் நாலே அளவோடு நிறுத்திவிடுவார்கள். ஐந்தாவதாக மூலைவிட்டத்தையும் எழுதி மங்கலகரமான காரியத்தில் யாராவது மண் அள்ளிப் போடுவார்களா? சர்வேயர்தான் பாவம், மூலைவிட்டம் இழுத்து, அதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்தாக அளந்து, புலப்படத்தில் ஏற்றிக்கொண்டிருப்பார். அந்தப் படம் வரக் காத்திருந்தால் நல்ல நாள் தாண்டிவிடும். அட்வான்ஸை முதலில் கொடுத்துவிடுங்கள்.

தரகருடைய கருணையைச் சொல்லாமல் விடக் கூடாது. வாங்க வந்தவரின் பிள்ளை, ஒன்பதாவது படிக்கிறவன், டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நடக்கப் பார்த்தால் பதறிப்போவார். “தம்பி, நடுவுல போகாதப்பா, முள்ளு, பூச்சி பொட்டு எல்லாம் கிடக்கும். ஓரமாவே நட.”