வால்வுப் பாடபேதம்: ஓர் ஆராய்ச்சி

பழைய ரேடியோவைப் பழுது பார்ப்போர் இருவகையினர்: வால்வைப் படித்துவிட்டுத் துடைப்போர், துடைத்துவிட்டுப் படிப்போர். பின்னவர் கையில் இருப்பது வெறும் கண்ணாடி. அவரைப் பற்றி ஆராய ஒன்றுமில்லை.

கண்ணாடி மேல் அச்சிட்ட எண், ஈரக் கட்டைவிரல் பட்டாலே வந்துவிடும். ஆகவே எழுத்தில்லாத பக்கத்தை மட்டும் துடைக்க. பின்களுக்குக் கான்டாக்ட் கிளீனர். துப்புரவியல் முற்றிற்று.

இனி எழுத்தியல். பிலிப்ஸ், முல்லார்டு வால்வுகளில் முதலெழுத்து 'ஈ' எனில் ஹீட்டருக்கு 6.3 வோல்ட், அடுத்து 'எஃப்' எனில் பென்டோடு. இதில் கருத்து வேறுபாடு கிடையாது. எனவே அறிஞர்களுக்கு இதில் ஆர்வமும் கிடையாது.

ஆர்வம் பிறப்பது கடைசி இலக்கம் சிதைந்த 'ஈஎஃப் 8–' என்னும் வால்வில். ஈஎஃப் 80 டெலிவிஷனுக்குப் பிறந்தது; 86 ஆம்ப்ளிஃபயருக்கு; 89 ரேடியோவின் ஐ.எஃப். பகுதிக்கு. மூன்றில் இது எது?

வாயால் ஊதினால் ஆவி படிந்து, அழிந்த எழுத்தின் சாயல் தெரியும் என்பர் ஊதல் பள்ளியார். தெரியவும் செய்யும். ஃபிரிட்ஜில் வைத்தெடுத்தால் இன்னும் தெளிவு என்பர் குளிர்ப்பெட்டிப் பள்ளியார். காண்க: 'ஊதல் விளக்கம்', மூச்சுப் படலம், மூன்றாம் உரையின் அடிக்குறிப்பு, அதை மறுத்த 'ஊதல் விளக்கக் கண்டனம்', தயிர்ப் பாத்திரத்துக்குள் வால்வு விழுந்ததால் வீட்டாரால் கையெழுத்துப் படியோடு வெளியே எறியப்பட்ட 'ஊதல் விளக்கக் கண்டனக் கண்டனம்' (முதல் பாகம் மட்டும், தயிர்க்கறை படிந்த பிரதி).

வியாபாரப் பள்ளியார் ஊதுவதில்லை. எண் எப்படிச் சிதைந்திருந்தாலும் 86 என்றே பாடங்கொள்வர். ஆம்ப்ளிஃபயர் பிரியர்கள் அதற்கே நல்ல விலை தருவார்கள். வேண்டிய பாடத்தை முதலில் முடிவு செய்து சான்றைப் பிறகு தேடுவது வியாபாரிகளின் வழக்கம் மட்டுமே என்று சொல்லலாம்தான்; 8-ஆம் நூற்றாண்டுப் பாட்டை 2-ஆம் நூற்றாண்டுக்கு ஏற்றிவிட்டுப் பொன்னாடை வாங்கிய பெரியோரை நினைத்தால் நா எழவில்லை.

இத்தனைக்கும் பல வால்வுகளில், பின்களுக்குச் சற்று மேலே, கண்ணாடியிலேயே பொடி எழுத்தில் ஆலைக் குறியீடு பொறித்திருக்கும். வகை, ஆலை, காலம் மூன்றையும் அது சொல்லும். முல்லார்டு வால்வில் 'பி' என்றிருந்தால் பிளாக்பர்ன் ஆலை. ஒரு லென்ஸ் வாங்கினால் சச்சரவு தீர்ந்துவிடும். எந்தப் பள்ளியாரும் வாங்கியதாகத் தெரியவில்லை.

வாசகர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஆராய்ச்சியில் இறங்குமுன் வால்வின் உச்சியைப் பாருங்கள். அங்குள்ள வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அது 80-ஆ, 86-ஆ, 89-ஆ என்று ஆயுள் முழுக்க வாதாடலாம், பாடாது.