36-க்கு 11

கம்பம் பள்ளத்தாக்கில் மீசைக்கு மரியாதை அதிகம். ஊருக்கு ஊர் கருப்பசாமி மீசையோடு நிற்கிறார். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி 1895-இல் தண்ணீர் கொடுத்த பென்னிகுவிக்கும் டீக்கடைப் படங்களில் மீசையோடுதான் மாலை வாங்குகிறார். கம்பத்துக் கணக்கு டீச்சர் ஒருவரின் உதட்டுக்கு மேல் அதே சமாச்சாரம் லேசாகக் கோடு போட்டபோது மட்டும், ஊருக்கே வைத்தியம் தெரிந்துவிட்டது.

குப்பைமேனி இலையையும் மஞ்சளையும் அரைத்துப் பூசச் சொன்னார் பெரியம்மா. பார்லர்காரம்மா நூலைப் பல்லில் கடித்தபடியே கடலை மாவு சொன்னார். டீச்சர் இரண்டையும் செய்தார். முடி அப்படியே இருந்தது, மஞ்சள் நிறத்தில்.

சவரம் செய்யலாமென்றால், "பிளேடு பட்டா முள்ளா மொளைக்கும்த்தா" என்று வீடே பதறியது. அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-லேயே இதைச் சோதித்து, சவரத்தால் முடி தடிப்பதுமில்லை, வேகமாக வளர்வதுமில்லை என்று எழுதிவிட்டார். வெட்டிய நுனி மழுங்கியிருப்பதால் சொரசொரக்கிறது, அவ்வளவுதான். அந்தச் செய்திக்குக் கம்பம் வர இன்னும் பஸ் கிடைக்கவில்லை போலும்.

கடைசியில் தேனிக்குப் போய் டாக்டரைப் பார்த்தார். பெண் உடம்பிலும் ஆண் ஹார்மோன் கொஞ்சம் சுரக்கத்தான் செய்கிறது. அது கூடினாலோ, மயிர்க்கால்கள் அதற்கு ரொம்பவே வளைந்துகொடுத்தாலோ, பூனைமுடி கறுத்துத் தடித்துவிடும். பெரும்பாலும் காரணம் பிசிஓஎஸ் என்கிற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு; ஏறத்தாழப் பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது.

பிறகு டாக்டர் மார்க் போட்டார். ஃபெர்ரிமன், கால்வே என்ற இருவர் 1961-இல் வகுத்த முறை அது. மேலுதடு, தாடை, நெஞ்சு, வயிறு, முதுகு என்று இப்போது ஒன்பது இடங்களைப் பார்க்கிறார்கள். இடத்துக்கு 0 முதல் 4 வரை, மொத்தம் 36. எட்டைத் தொட்டால் பொதுவாக மிகைமுடிக் கணக்கு. டீச்சருக்கு 11. பரீட்சைத் தாளில் கருணை மார்க் போட்டே பழகியவர், நாலு மார்க் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா என்று யோசித்தார்.

நிஜப் பரீட்சையில் மார்க் கூடினாலும் வம்புதான். 2024-இல் உத்தரப் பிரதேசப் பத்தாம் வகுப்புத் தேர்வில் 600-க்கு 591 எடுத்து மாநில முதலிடம் பிடித்த மாணவியின் படம் வெளியானது. இணையத்தில் பலர் கண்ணுக்கு மார்க் தெரியவில்லை, மீசைதான் தெரிந்தது. ஒன்றிரண்டு மார்க் குறைந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காதே என்றாள் அந்தப் பெண். இதைவிடக் கூர்மையாக எந்த நகைச்சுவை எழுத்தாளரும் எழுதிவிட முடியாது, சிரிக்கத்தான் வரவில்லை.

டீச்சருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது கருத்தடை மாத்திரை. ஹார்மோனை அடக்க வழக்கமாக முதலில் தருவது அதைத்தான். கல்யாணமாகாத டீச்சர் கம்பத்தில் அதை வாங்கினால், மாத்திரைக்கு முன்னால் சேதி வீடு போய்ச் சேர்ந்துவிடும். தேனியிலேயே வாங்கினார். கடைப்பையன் சீட்டைப் பார்த்தான், அவர் கழுத்தைப் பார்த்தான், பழைய பேப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்தான்.

பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். முளைத்துவிட்ட முடியை மாத்திரை உதிர்க்காது. இனி வருவதைத்தான் மெலிதாக்கும். அதுவரை பார்லர் நூல்தான் கதி.

போதாதென்று பின்னர் ஸ்பைரோனோலாக்டோனும் சேர்ந்தது. ஆண் ஹார்மோனை மறிக்கும் மருந்து. ஆனால் ரத்த அழுத்தத்துக்கும் கொடுப்பார்கள். அட்டையைக் கண்டெடுத்த பெரியம்மா உள்ளூர் மருந்துக்கடையில் விசாரித்துவிட்டு வந்து, "இந்த வயசுல பிரஷராத்தா!" என்று ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டார். வேறு வழியில்லாமல் டீச்சர் உண்மையைச் சொன்னார்.

பெரியம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து தாடையைத் தூக்கிக் காட்டினார். மாதவிலக்கு நின்ற பிறகு முளைத்த முரட்டு முடி நாலைந்து இருந்தது.

"எனக்கும் ஒரு அட்டை குடுத்தா. ஊறுகாய எறக்கித் தாரேன்."

ஊறுகாய் இறங்கியது. மாத்திரை மட்டும் கைமாறவில்லை, பெரியம்மாவைக் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நிறுத்தினார் டீச்சர். முந்தானையால் தாடையை மூடிக்கொண்டு, முன்னால் நின்றவளிடம் பெரியம்மா முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.