புரூப் தாத்தா

கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்கள் திறக்கும் சமயத்தில், சீருடைக்காகத் தையற்காரரிடம் நடையாய் நடக்கும் தகப்பனார்களையும், புத்தகப் பையைத் தூக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடும் தாய்மார்களையும் தமிழ்நாடெங்கும் காணலாமாயினும், ஊர்க் குழந்தைகளின் வித்தியாப்பியாசம் முழுவதும் தம் ஒருவருடைய தோளின்மீதே நிற்கிறதென்ற திடசித்தத்தோடு திண்ணையில் வந்து அமரும் ஒரு பிரகிருதியை அதன் பூரண மகிமையுடன் தரிசிக்க விரும்புகிறவர்கள் சிவகாசிக்குத்தான் வர வேண்டும். அச்சாபீஸில் ஆயுளில் பாதியைப் புரூப் பார்த்தே கழித்து ஓய்வு பெற்ற இந்தப் பெரியவருக்குக் குழந்தைகள் வைத்த பெயர் ‘புரூப் தாத்தா’. தெருவுக்கு ஒருவர் உண்டென்றால் அது மிகை. இரண்டு தெருவுக்கு ஒருவர் நிச்சயம்.

அவருடைய மூலதனம் காகிதம். காலண்டர் அச்சாகும்போது வர்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஒழுங்காக உட்காரும் வரையில் கழித்துப் போடுகிற தாள்களை வருஷக்கணக்காகச் சேர்த்துப் பரண்மீது வைத்திருக்கும் அவர், பள்ளி திறக்கும் வாரத்தில் அவற்றை இறக்கி, தெருப் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களுக்கெல்லாம் தம் கையாலேயே அட்டை போட்டுக் கொடுக்கிறார். இதனால் அத்தெருவில் கணக்குப் புத்தகத்தின்மேல் இரண்டு மூக்குகளுடைய மகாலட்சுமியும், சமூக அறிவியலின்மேல் மயிலை விட்டு அரை அங்குலம் தள்ளிச் சவாரி செய்யும் முருகனும் பிரசன்னமாயிருப்பது வழக்கம். அட்டைக்குக் காசு வாங்குவதில்லை. புத்தகத்துக்கு ஒரு சொல் வீதம், அதுவும் தமக்கு இதுவரை தெரியாத சொல்லாகக் குழந்தை கொண்டுவந்து செலுத்த வேண்டுமென்பது ஏற்பாடு. வரவு வைப்பதற்குச் சிவப்புத் துணியில் பைண்டு செய்த பேரேடு ஒன்றும் உண்டு.

இந்த ஏற்பாட்டிலுள்ள சங்கடம் யாதெனில், தமக்குத் தெரியாத சொல் உலகத்தில் இருப்பதாகத் தாத்தா ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. குழந்தை ‘மத்தாப்பு’ என்று வாயெடுத்தால் போதும். அது நிலவைக் குறிக்கும் ‘மஹ்தாப்’ என்ற பாரசீகப் பதத்தின் வழியாக வந்ததென்றும், புஸ்வாணத்தின் பின்பாதியான ‘வாணம்’ சம்ஸ்கிருதத்துப் பாணமே என்றும், ஆகவே தீபாவளியன்று நாம் ஒரு கையில் நிலவையும் மறு கையில் அம்பையும் ஏந்தி நிற்கிறோமென்றும் பசைக் கிண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் செய்கிற பிரசங்கம், எதிர்வீட்டில் உலையில் போட்ட அரிசி சோறாகி வடித்து முடியும் வரை நீளும். விஷயம் சுவையானதுதான் என்பதை மறுக்க முடியாது. ஆனால் கேட்கிற குழந்தைக்கோ, தன் தமிழ்ப் புத்தகத்துக்கு வரப்போகிறது பிள்ளையாரா சினிமா நடிகையா என்பதே விசாரம்.

சென்ற ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகும் ஒரு சிறுமியிடம், “பென்சிலுக்குத் தமிழ் என்ன, சொல்லு தாயி?” என்று அவர் வழக்கமான கம்பீரத்துடன் வினவினார்.

“எந்தப் பென்சிலுக்குத் தாத்தா? எழுதுறதுக்கா, கொளுத்துறதுக்கா?”

கரிக்கோல் என்ற விடையை நாவின் நுனியில் வைத்திருந்த தாத்தா, வெடியுப்பும் கந்தகமும் சேர்கிற மருந்தில் கரிக்கும் பங்குண்டாகையால் இரண்டாவதற்கும் அப்பெயரே பொருந்துமோவென்று யோசிக்கத் தொடங்கி, அன்று மாலை வரை வேறொரு புத்தகத்துக்கும் அட்டை போடவில்லை.

குழந்தைகளின் சொற்செல்வம் இவ்வட்டாரத்தில் இப்படிப்பட்டது. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியை ஒருவர், அம்மா எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டபோது பாதி வகுப்பு “ஆபீஸ்ல, டீச்சர்!” என்று கூவவே, இத்தனை உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கா பாடம் சொல்லப்போகிறோம் என்று பிரமித்துப் போனாராம். தீப்பெட்டி செய்கிற இடமும் பட்டாசு செய்கிற இடமும் இங்கே ஆபீஸ்தான் என்பது அவருக்குத் தெரிய ஒரு வாரம் பிடித்தது. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை ஒப்பித்த பையனொருவன், “பன்னிரண்டு பன்னிரண்டு ஒரு குரோஸ்” என்று முடித்ததற்குப் பள்ளிக்கூடத்தில் குட்டு வாங்கினான்; தாத்தாவோ அதைச் சரியென்று சிவப்புப் பென்சிலால் டிக் அடித்துப் பேரேட்டிலும் ஏற்றிக்கொண்டார். 144 என்பதும் குரோஸ் என்பதும் ஒன்றே என்பதில் தீப்பெட்டி ஊரில் யாருக்கு அபிப்பிராய பேதம் இருக்க முடியும்?

அச்சொல்லுக்கு மட்டும் அவர் பிரசங்கம் செய்யவில்லை. பையன் அதைக் கற்றது தன் பாட்டியிடம். பாட்டி கற்றதோ, விடியுமுன் கிராமத்துக்கு வரும் ஆபீஸ் பஸ்ஸில் தூக்குச்சட்டியும் கையுமாக ஏறிப்போய், பத்து வயதில் தீப்பெட்டிக் கட்டை அடுக்கி. இத்தகைய ஆபத்தான தொழிலிலிருந்து குழந்தைகளை மீட்டுப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், வேலைக்கு வைத்தவர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று, சிவகாசியைப் பற்றிய வழக்கிலேயே 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அந்தப் பாட்டிக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்திருந்தன. புரூப் தாத்தா அந்தப் பையனுடைய புத்தகத்துக்கு மட்டும் இரட்டை மூக்கில்லாத நல்ல தாளாகத் தேடிப் பிடித்து அட்டை போட்டார்.

ஜூலை 15 வந்தது. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி திரட்டி நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, படிப்பைப் பாதியில் விட்டு, பிற்பாடு தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடமும் மதிய உணவும் கிடைக்கச் செய்த காமராஜரின் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுவதை நாம் அறிவோம். அன்று தம் திண்ணையிலும் ஒரு ஸ்தாபனத்தைத் துவக்கிவிடுவதென்று தீர்மானித்த தாத்தா, கரும்பலகையொன்றில் ‘தமிழ் சொல் மன்றம்’ என்று கொட்டை எழுத்தில் தாமே எழுதி, மாலையும் போட்டு மாட்டினார். புரூப் திருத்தும் குறிகளையெல்லாம் விடுமுறையிலேயே அவர் குழந்தைகளுக்குக் கற்பித்திருந்ததுதான் வினையாக முடிந்தது. பென்சில் சிறுமி பலகையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள், முக்காலிமேல் ஏறினாள், ‘தமிழ்’ என்பதற்குப் பக்கத்தில் விடுபட்ட எழுத்துக்குரிய கூரைக் குறியைச் சாக்கட்டியால் போட்டு, அதன்மேல் ஒரு ‘ச்’ எழுதிவிட்டு இறங்கினாள்.

தாத்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

“இந்தக் கம்போஸிட்டர் பயலுக எப்பவுமே இப்படித்தான் தாயி.”

“சரி தாத்தா. அந்த ‘ச்’சை என் கணக்குல வரவு வச்சிருங்க. இங்கிலீஷ் புத்தகத்துக்கு இன்னும் அட்டை போடல.”