ஷேக்கிள் மீமாம்சை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில், மிச்சிகன், ஒஹாயோ முதலிய ராஜ்யங்களில் வாழும் கிருகஸ்தன் ஒருவன், தன் பிக்கப் வண்டியின் பின்புறக் கமான்களைப் பிடித்துத் தொங்கும் ஷேக்கிள் என்ற இரும்பு உறுப்பை, பட்டறைக்குப் போகாமல், வீட்டு முற்றத்திலேயே, சனிக்கிழமை காலையில் தொடங்கி மத்தியான போஜனத்துக்குள் மாற்றிவிடலாம் என்று நம்புகிறானே, அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் யாது என்பதும், அது எந்த இடத்தில் பழுதுபடுகிறது என்பதுமே இக்கட்டுரையில் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படும் விஷயங்கள்.

ஆதாரம் தேடிப் புகுந்தால் ஒன்றே ஒன்றுதான் அகப்படுகிறது. பழுதுபார்க்கும் கைநூல்கள், கழற்றும் முறையைப் படங்களோடு விஸ்தாரமாக உபதேசித்துவிட்டு, பூட்டும் முறைக்கு வந்ததும், கழற்றியதைத் தலைகீழாகச் செய்துகொள் என்ற கருத்தை ஒரே வரியில் சொல்லி விடைபெற்றுக்கொள்கின்றன. இதற்குத் தலைகீழ்ச் சூத்திரம் என்று பெயரிட்டுக்கொள்வோம். விளக்கு மாற்றுவதற்கும் கண்ணாடி மாற்றுவதற்கும் இச்சூத்திரம் பொருந்தினால் பொருந்துக. ஷேக்கிளுக்குப் பொருந்தாது என்பது நமது சித்தாந்தம்.

முதலில் வஸ்து நிர்ணயம். கமான் மோட்டாருக்கு மூத்தது. ஒபதையா எலியட் என்ற லண்டன் வண்டிக் கம்மியர், குதிரை வண்டிக்கு நீள்வட்டக் கமான் அமைத்து 1804-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். 1908-ல் தோன்றிய ஃபோர்டு டி மாடல், முன்னும் பின்னும் குறுக்குக் கமான்களின்மேல் நின்றது. 1925-ல் அதே வண்டியின் பின்னால் சாமான் தொட்டி ஒன்றைப் பொருத்தி, 281 டாலர் விலையில், ஃபோர்டு தொழிற்சாலை பிக்கப்பாகவே வெளியிட்டது. 2009-ல் ராம் 1500 என்ற பிக்கப் சுருள்வில்லுக்கு மாறிய பின்னரும், பாரம் சுமக்கும் பிக்கப்புகளிற் பல இன்றளவும் பட்டைக் கமானை விடவில்லை. அந்தக் கமானோ, பாரம் ஏறும்போது வளைவு குறைந்து நிமிர்கிறது. நிமிர்ந்தால் அதன் இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரம் நீளுகிறது. இரண்டு கண்களையும் சேஸிஸோடு அசையாமல் இறுக்கிவிட்டால் கமான் கமானாக இராமல் வெறும் உத்தரமாகிவிடும். ஆதலால், முன்கண்ணை நிலையாக நிறுத்தி, பின்கண்ணை மட்டும் ஊஞ்சற் சங்கிலிபோல் முன்னும் பின்னும் ஆடவிட்டு, ஆடினாலும் விலகிப் போகாதபடி பிடித்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றிருக்கும் இரட்டைத் தகடே ஷேக்கிள் எனப்படும்.

இனி நாச ஹேது. 1938-ல் நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யம் பனிமூடிய சாலையில் உப்பைத் தூவிப் பரீட்சை செய்து பார்த்தது. பின்னர் அவ்வழக்கம் வடநாடெங்கும் பரவிற்று. மோட்டார்த் தொழிலின் தலைநகரமான டெட்ராய்ட்டின் அடியிலேயே, சுமார் 1,200 அடி ஆழத்தில், சாலைக்கு உப்பு வழங்கும் சுரங்கம் ஒன்று இருக்கிறது. ஆகவே, சிருஷ்டி மேலே நடக்க, சம்ஹாரத்துக்கு வேண்டிய திரவியம் கீழே சித்தமாக இருக்கிற க்ஷேத்திரம் அது என்று கொள்வதில் தவறில்லை. சக்கரம் வாரி இறைக்கும் உப்புநீர் நேரே சென்று தங்குமிடம் பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஷேக்கிள். கமானின் கண்ணுக்குள் ரப்பர் புஷ், அந்தப் புஷ்ஷின் நடுவில் எஃகுக் குழாய், அக்குழாய்க்குள் போல்ட் என்று ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இவ்வறையில் துரு குடியேறுகிறது. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டுமாதலால், போல்டும் குழாயும் நெருங்கி, இறுகி, நாளடைவில் அத்வைதமாகிவிடுகின்றன.

இந்த அபேத நிலையைப் பிரத்தியக்ஷமாகக் காண விரும்புவோன் நட்டைக் கழற்றிவிட்டு, போல்டின் தலையில் ஸ்பானரை மாட்டி, ஸ்பானரின் பிடியில் நீண்ட குழாயைச் செருகி, முழுப் பலத்தோடும் இழுக்கவேண்டும். போல்ட் கால் சுற்றுத் திரும்பும். இழுத்தவன் முகத்தில் மந்தஹாசம் தோன்றும். கையைத் தளர்த்தியதும் போல்ட் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடும். முறுக்கிக்கொண்டது ரப்பரேயன்றி, கழன்றது ஒன்றுமில்லை.

இந்நிலையில் செய்யத் தக்கது யாது என்பதில் மூன்று மதங்கள் உண்டு. எண்ணெய்வாதிகள், துருவை இளக்கும் தைலத்தைக் காலையும் மாலையும் போல்டுக்கு அபிஷேகம் செய்து காத்திருப்பவர்கள். இவர்களிற் பாமரர் கையாளும் டபிள்யூ டி 40 என்பது 1953-ல் சான் டியேகோவில் உருவாகி, அட்லஸ் ஏவுகணையின் மேனியைத் துருப் பிடிக்காமல் காத்த திரவம். வரவொட்டாமல் தடுப்பதற்கு ஏற்பட்டதை, வந்து வேரூன்றிய துருவைக் கிளப்ப ஏவுவது அதிகாரி பேதம் அறியாத செயல். அன்றியும், துரு இருப்பதோ குழாயின் நடுவில். தைலம் நிற்பதோ வாசலில். அக்கினிவாதிகள் தீச்சுடரைக் காட்டுவார்கள்; ரப்பர் எரிந்து கரும்புகையும் துர்க்கந்தமும் கிளம்பும்; பயனும் ஓரளவு உண்டு; ஆயினும் பல பிக்கப்புகளில் பெட்ரோல் டாங்கு சேஸிஸை ஒட்டியே தொங்குவதால், இம்மதம் கிருகஸ்தாசிரமத்துக்கு விலக்கப்பட்டது. மூன்றாமவர் சேதவாதிகள். தலையையும் நட்டையும் பொருட்படுத்தாமல், ஷேக்கிளின் கன்னத்துக்கும் கமான் கண்ணுக்கும் இடையே தெரியும் மெல்லிய சந்தில் மின்ரம்பத்தின் அலகை நுழைத்து, இருபுறமும் போல்டை அறுத்துத் தள்ளுவது இவர்கள் கொள்கை. வெள்ளிக்கிழமை எண்ணெய்வாதியாகத் தொடங்கியவன் சனிக்கிழமை சாயங்காலம் சேதவாதியாக முடிவதே லோகாநுபவம்.

இப்பொழுது தலைகீழ்ச் சூத்திரத்தைக் கண்டனம் செய்வோம். அறுத்ததைத் தலைகீழாகச் செய்வது எப்படி? ஃபோர்டு ரேஞ்சர் முதலிய சில வண்டிகளில் ஷேக்கிளைத் தாங்கும் பிடியே சேஸிஸில் ரிவெட் அடித்துப் பதிக்கப்பட்டிருக்கிறது. துரு அதையும் தின்றிருந்தால், ரிவெட்டின் தலையைக் கிரைண்டரால் சீவி, உடலைச் சம்மட்டியால் துரத்தவேண்டும். காலியான துவாரத்தில் மறுபடி வருவது ரிவெட் அன்று, போல்ட். ஆக, போனதும் வந்ததும் ஒன்றல்ல.

இதற்குப் பூர்வபக்ஷி, பொருள் வேறானாலும் கிரமம் ஒன்றுதானே என்று ஆக்ஷேபிக்கலாம். கிரமமும் ஒன்றன்று. கழற்றும்போது முன்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, வண்டியை ஜாக்கியால் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் சேஸிஸை உறுதியான தாங்கிகளின்மேல் இறக்கி, மற்றொரு ஜாக்கியால் ஆக்ஸிலை ஏந்தி, கமானின்மேல் ஒரு பாரமும் இல்லாதபடி செய்துகொண்டுதான் வேலை தொடங்குகிறது. அதே நிலையில் புதிய ஷேக்கிளை மாட்டி முழுவதும் இறுக்கினால், தொங்கும் கமானின் கோணத்திலேயே புஷ்ஷின் நடுக்குழாய் பூட்டப்பட்டுவிடும். வண்டி தரையில் இறங்கி ஷேக்கிள் தன் இயல்பான கோணத்துக்குச் சாயும்போது, அக்குழாயோடு ஒட்டிய ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அன்று முதல், நின்றாலும் ஓடினாலும், அந்த முறுக்கு நீங்காமல் புதிய புஷ் சீக்கிரமே கிழிந்துபோகும். ஆகையால் நட்டுகளைக் கையளவில் முடுக்கி வைத்து, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் முழுக் கனமும் கமானின்மேல் அமர்ந்த பின்னரே இறுதியாக இறுக்கவேண்டும்.

கழற்றுவது பாரத்தை இறக்கி, இறுக்குவது பாரத்தை ஏற்றி என்று ஆனமையால், ஒன்று மற்றதன் தலைகீழ் என்ற சூத்திரம் ஷேக்கிள் விஷயத்தில் செல்லாது என்பது ஸ்தாபிதமாயிற்று. இடப்பக்கத்துக்குச் சொன்ன இந்த நியாயம் வலப்பக்கத்துக்கும் செல்லும். இரண்டும் ஒரே குளிர்காலங்களைக் கண்டவையாதலால் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும் என்பதும் பெறப்படும். நியாயம் எளிதாகச் சென்றுவிட்டது என்பதைக் கொண்டு, வலப்பக்கத்துப் போல்டும் எளிதாகக் கழலும் என்று அனுமானிப்பது மட்டும் தர்க்கத்துக்குப் பொருந்தாது.