முட்டை ஓட்டுக்குப் பாராட்டு விழா

மொட்டை மாடியில் ரோஜா வளர்க்கும் இருவர் சந்தித்துக்கொண்டால், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்ற கேள்விக்கு முன்னால் முட்டை ஓடு வந்து நிற்கும். அதன் பின்னாலேயே வாழைப்பழத் தோல், டீத்தூள், வெங்காயச் சருகு, அரிசி கழுவிய தண்ணீர், மீன் அலசிய தண்ணீர், புளித்த மோர் என்று அடுக்களையே படியேறி வரும். 'நீங்க போட்டுப் பாருங்க, கொத்துக் கொத்தா பூக்கும்' என்று முத்தாய்ப்பு வைப்பார்கள். இவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. போட்டார்கள், பூத்தது. இரண்டும் நிஜம். போட்டதால்தான் பூத்ததா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். பூப்பது ரோஜாவின் சுபாவம், பேர் வாங்கிக்கொள்வது முட்டை ஓடு என்பது என் கட்சி.

இன்று நாம் வாங்கும் ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்தபின், தளிர்த்து மொட்டுவிட்டு மறுபடி பூக்க ஏறக்குறைய ஆறேழு வாரம் எடுத்துக்கொள்பவை. சரி, ஒருவர் யோசனை கேட்கப் போவது எப்போது? செடி பூத்துக் குலுங்கும்போது யாரும் கேட்பதில்லை. பூவெல்லாம் உதிர்ந்து, குச்சி குச்சியாக நிற்கும்போதுதான் பக்கத்து வீட்டு மாமியின் நினைவு வருகிறது. அதாவது, செடி அடுத்த சுற்றுக்குத் தானாகவே மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கும் சமயம் பார்த்து முட்டை ஓடு உள்ளே நுழைகிறது. ஒரு மாதம் கழித்து மொட்டு வந்தால் மாமிக்குப் பெருமை, ஓட்டுக்குப் பாராட்டு விழா. அந்த இடத்தில் பழைய பஸ் டிக்கெட்டைப் புதைத்திருந்தாலும் அதே வாரத்தில்தான் பூத்திருக்கும். இப்படி மறுபடி பூப்பதும் எல்லா ரோஜாவுக்கும் வழக்கமில்லை. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒரு தடவை கோடையில் பூத்துவிட்டு, அடுத்த கோடை வரை பேசாமல் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சீன ரோஜாக்கள் அங்கே போய்ச் சேர்ந்து, அவற்றோடு கலப்பு நடந்த பிறகுதான் திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் பரவியது. 1867இல் பிரான்ஸின் லியோன் நகரத்து ரோஜா வளர்ப்பாளர் கீயோ உருவாக்கிய 'லா பிரான்ஸ்' ரகத்தை, இப்படித் திரும்பத் திரும்பப் பூக்கும் ஹைபிரிட் டீ வகையின் தொடக்கம் என்பார்கள். அந்தச் சீனக் குணம் மட்டும் வாய்த்திராவிட்டால், நம் மாடிக் குறிப்புகளில் பாதி, வருஷத்தில் பதினொரு மாதம் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு நின்றிருக்கும்.

முட்டை ஓட்டையே கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். போர் தண்ணீர் வரும் வீடுகளில் குழாயின் வாயிலும் பக்கெட் விளிம்பிலும் வெள்ளையாகப் படிந்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் இருக்கிறதே, அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். முட்டை ஓடும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அதே சரக்குதான். அந்தத் தண்ணீரைத் தினமும் குடிக்கும் செடிக்கு ஓட்டை நொறுக்கிப் போடுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் வேலை. ரோஜாவுக்குப் பிடித்தது லேசான அமிலத்தன்மையுள்ள மண். சுண்ணாம்பு ஏற ஏற, மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. இளம் இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு நம் ஆலோசகர், 'சத்து பத்தலை, இன்னும் நாலு ஓடு போடுங்க' என்பார். நல்ல வேளையாக, கையால் நொறுக்கிய ஓடு அவ்வளவு சீக்கிரம் கரைவதில்லை. ஒரு வருஷம் கழித்துத் தொட்டியைக் கொட்டினாலும் துண்டு துண்டாக அப்படியே கிடக்கும். செடி பிழைப்பது பல வீடுகளில் இந்தச் சோம்பேறித்தனத்தால்தான். டீத்தூள் கதை வேறு. பாலும் சர்க்கரையும் கலக்காமல் டீ குடிக்கிற தேசத்தில் அது சாதுவான சரக்கு. நம் வீட்டில் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டிய சக்கை அது. தொட்டியில் கொட்டிய அரை மணியில் எறும்பு வரிசை கட்டும். எறும்பு வந்த இடத்தில் மாவுப்பூச்சிக்குப் போலீஸ் பாதுகாப்பு கிடைத்த மாதிரி.

'அப்படியானால் வாங்கும்போது ஆறு பூ இருந்த செடி, வீட்டுக்கு வந்ததும் ஏன் மூச்சே விடவில்லை? சத்து இல்லாமல்தானே?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பதில் சத்தில் இல்லை. தள்ளுவண்டியில் வரும் செடி ஓசூர், பெங்களூர்ப் பக்கத்து நர்சரியிலோ ஆந்திராவின் கடியத்திலோ சீராட்டி வளர்க்கப்பட்டு, விற்பதற்கென்றே பூக்கவைக்கப்பட்டது. வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை ஒன்று இருக்கும். அதை அப்படியே நம் தொட்டியின் பொலபொல மண்ணுக்குள் இறக்கினால், ஊற்றுகிற தண்ணீர் உருண்டையைச் சுற்றி ஓடி அடியில் இறங்கிவிடும், உள்ளே இருக்கும் வேர் நாக்கு வறண்டு கிடக்கும். இன்னொன்று, அவை ஒட்டுச் செடிகள். கீழே காட்டு ரோஜா, மேலே நாம் காசு கொடுத்த ரோஜா. வெயிலில் மேல்பகுதி கருகிப்போக, ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழிருந்து ஒரு தளிர் ஜம்மென்று கிளம்பி வளரும். வீட்டில் ஒரே சந்தோஷம். அதற்குத்தான் வருஷக் கணக்காக வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர் அபிஷேகம் நடக்கும். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுச் செடி என்று ஒரு குறிப்பும் உலவுகிறது, அதுவும் முழுக்கச் சரியில்லை. நல்ல ரகமே வீரியமாக வளரும்போது ஏழு விடும். குனிந்து, தளிர் ஒட்டுக்கு மேலே கிளம்புகிறதா கீழே கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். குனிவதற்குத்தான் ஆள் இல்லை.

அடுத்த ஆட்சேபம் பாட்டியின் பேரால் வரும். பாட்டி கழுநீரை ஊற்றித்தானே பன்னீர் ரோஜாவைப் புதராக வளர்த்தாள்? வளர்த்தாள், மறுக்கவில்லை. ஆனால் பாட்டியின் ரோஜா நின்றது கிணற்றடியில், தரையில். வேர் போன தூரம் பாட்டிக்கே தெரியாது. கொல்லையில் மாட்டுச் சாணம் மக்கிக் கிடந்தது, துவைகல் தண்ணீர் நாள் முழுக்க ஓடியது, நிழல் தர அடுக்குமாடி எதுவும் இல்லை. கழுநீர் அந்தக் கச்சேரியில் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டியது. நாம் தம்புராவை மட்டும் பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் உட்காரவைத்து, ஆலாபனை எங்கே என்று கேட்கிறோம்.

'சரி, பலன் இல்லாவிட்டால் போகிறது, கெடுதலும் இல்லையே' என்பது கடைசிக் கோட்டை. கெடுதல் உண்டு. நம் குறிப்புகள் பெரும்பாலும் திரவ வடிவில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காலையில் கழுநீர், மத்தியானம் மீன் தண்ணீர், சாயங்காலம் தோல் ஊறிய தண்ணீர், இதற்கு நடுவில் வழக்கமான தண்ணீர் வேறு. செடி யோசனையில் மூழ்கி, நிஜமாகவே வேர் அழுகிச் சாகிறது. மீன் தண்ணீரில் தழைச்சத்து இருப்பது உண்மைதான், அந்தச் செய்தி தெருப்பூனைகளுக்கும் தெரிந்திருப்பதுதான் சங்கடம். குறிப்பென்றாலே குப்பை என்று நான் சொல்லவரவில்லை. மக்கிய தொழுவுரம், மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு ஆகியவை வேலை செய்யும் சரக்குகள். எப்சம் உப்பும் மண்ணில் மெக்னீசியம் குறைவாக இருந்தால் உதவும், குறையாத இடத்தில் வெறும் உப்பு. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்பவை இரண்டு: தினமும் ஆறு மணி நேர நேரடி வெயில், கத்தரி. இந்த இரண்டையும் யாரும் சிபாரிசு செய்து பேர் வாங்க முடியாது. வடக்குப் பார்த்த பால்கனிக்காரரிடம் 'வெயில் வேணும்' என்றால் 'வீட்டை மாத்துங்க' என்று அர்த்தமாகிறது. கத்தரியோ மனசு சம்பந்தப்பட்டது. அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் செடியைப் பாதி உயரத்துக்கு, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்ட வேண்டும் என்றால், 'வெட்டவா? நல்லா வளர்ந்து நிக்குதே' என்று கண் கலங்குகிறார்கள். தளதளவென்று வளர்ந்த குச்சியில் கத்தரியை வைப்பது பாவம். முட்டை ஓட்டில் பாவமும் இல்லை, செலவும் இல்லை. ஆம்லெட்டுக்குப் பிறகு வருவதால் ஒரு திருப்தியும் கூட.

இதற்கெல்லாம் தீர்ப்புச் சொல்லும் வழியை உரக்காரர்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1843இல் கோதுமை விதைத்து ஆரம்பித்த பிராட்பாக் வயலில், ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வோர் உரம் போட்டு விளைச்சலை அளந்துகொண்டு வருகிறார்கள். அதில் ஒரு துண்டுக்கு மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை உரமே போடுவதில்லை. மற்றவை எவ்வளவு தேறின என்று தெரிய வேண்டுமானால், ஒன்று பட்டினி கிடந்தே ஆக வேண்டும். அதே பண்ணையில் 1919இல் சேர்ந்த புள்ளியியல் நிபுணர் ரொனால்ட் ஃபிஷர்தான், எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதை நம் ஆசைப்படி முடிவு செய்யாமல் குலுக்கல்முறையில் ஒதுக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். நம் மாடிக்கும் இது பொருந்தும். ஒரே வண்டியில் வாங்கிய ஒரே ரகச் செடிகள் சிலவற்றை வைத்துக்கொண்டு, காசைச் சுண்டி, பாதிக்கு ஓடு, பாதிக்கு ஒன்றுமில்லை என்று பிரித்து, இரண்டு சுற்றுப் பூவை எண்ணினால் போதும். செலவு இல்லை, ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். ஆனால் எந்த வீட்டிலும் இது இரண்டாவது வாரத்தைத் தாண்டாது என்று நான் பந்தயம் கட்டத் தயார். ஒன்றும் போடாத தொட்டியைப் பார்த்து, அதுவும் ஓர் உயிர்தானே என்று மனம் இளகி, யாராவது ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு வாழைப்பழத் தோலைச் செருகிவிட்டு வந்துவிடுவார். பூ எண்ணுகிறவரிடம் அதைச் சொல்லவும் மாட்டார்.