பாக்கெட்டுக்குள் ஒரு வானொலி நிலையம்

கேள்வி: என் பழைய நோக்கியா என்8 போனின் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரைப் போட்டால், கார் ரேடியோவில் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம். சிக்னலைக் கூட்ட வழி உண்டா?

பதில்: கூட்டாதீர்கள். 2010-ல் வந்த அந்தப் போன் சில மீட்டர் தூரம் ஒலிபரப்பினாலே பெரிய விஷயம். இத்தகைய கருவிகளுக்கு ஐரோப்பாவில் அனுமதித்த சக்தியே 50 நானோவாட்தான். அதை நோண்டி உயர்த்தினால், பக்கத்து காரில் செய்தி கேட்பவருக்கு உங்கள் குத்துப்பாட்டு போய்ச் சேரும்! போனை ஏரியலுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஏரியல் பின்கூரையில் என்றால், டேஷ்போர்டில் வைத்துப் புண்ணியமில்லை. பின்சீட்டு மாமியாரிடம் கொடுங்கள். (பாட்டை அவர் மாற்றினால் நான் பொறுப்பல்ல.) நிலையம் எதுவும் இல்லாத அலைவரிசையாகத் தேடி, போன், ரேடியோ இரண்டிலும் அதையே வையுங்கள். ரேடியோவில் ஆக்ஸ் துளை இருந்தால் ஒரு வயரைச் செருகுங்கள். இந்தப் பாடே வேண்டாம்.