பைப் போதும் என்றார் பிளம்பர்

வாசல் ஷீட்டில் வடியும் தண்ணீரை இறக்க ஒரு பிவிசி பைப் போதும் என்றுதான் பிளம்பர் சொன்னார். எனக்கோ அப்போதுதான் ரசனை பிறந்திருந்தது. ஜப்பானியக் கோயில்களிலும் தேநீர்க் குடில்களிலும் கூரை முனையில் செம்புச் சங்கிலி தொங்குமே, மழைநீர் அதைப் பற்றிக்கொண்டு கண்ணி கண்ணியாக இறங்குமே, அது வேண்டும். செம்பின் விலையைப் பார்த்ததும் ரசனை அலுமினியத்துக்கு இறங்கிவந்தது. செம்பு நிறம் பூசிய அலுமினியம். ஒரு விரலால் தூக்கலாம். அதை வசதி என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை காற்றைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வரும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. பள்ளியில் படித்ததுதான், மார்க்கும் வாங்கினேன். முதல் காற்றிலேயே சங்கிலி ஜன்னல் கம்பியில் டங் டங்கென்று அடிக்க, எதிர்வீட்டு மாமா டார்ச்சோடு வந்து, "யாரோ கேட்டை உடைக்கிறான் சார்" என்றார். ஆமாம், பார்க்கிறேன் என்று நானும் அவரோடு திருடனைத் தேடினேன்.

தண்ணீர் சங்கிலியில் ஒட்டி இறங்குவது பரப்பு இழுவிசையின் தயவால். காற்றுக்கு அந்தத் தாட்சண்யமெல்லாம் கிடையாது, வழியிலேயே பிய்த்து வீசிவிடும். தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பை என் வீட்டில் செருப்புகள் செய்தன. குழிக்கு ஒரு வாளிகூடப் போயிருக்காது.

பழைய உருளியில் கூழாங்கல் நிரப்பி நுனியைப் புதைத்தேன். உருவிக்கொண்டு வந்து மறுபடி ஆடியது. கட்டிப்போட வேண்டும் என்பது புரிந்தது, எவ்வளவு இறுக்கமாக என்பது புரியவில்லை. வெல்டரை வரவழைத்து, தரையில் கொக்கி பதித்து, வீணைக் கம்பி மாதிரி இழுத்து மாட்டச் சொன்னேன். "கொஞ்சம் தளர்வு விடலாமே சார்" என்றார். "நீங்க மாட்டுங்க" என்றேன். ஆட்டம் நின்றது. ஆடித் தீர்த்த விசையெல்லாம் இழுப்பாக மாறி மேலே போயிற்று. விடிந்து பார்த்தால், ஷீட் ஓரத்துத் தகர வாய்க்கால் ஸ்க்ரூவோடு பெயர்ந்து, வாய் கோணி, படிக்கட்டு முழுக்கத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது.

கிண்ணம் கிண்ணமாகக் கோத்த சங்கிலி தண்ணீரைச் சிதறாமல் இறக்குமாம். ஆனால் காற்று பிடிக்க அதில் இடம் அதிகம், நல்ல கனம் வேண்டும். எதையும் வாங்கிய பிறகு படிப்பது என் வழக்கம்.

ஜப்பானிலும் புயல் வந்தால் சங்கிலியைக் கட்டி வைப்பார்கள், இல்லை கழற்றிவிடுவார்கள். அதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறேன். வானிலை மையம் 'வங்கக்கடலில்' என்று ஆரம்பித்தாலே ஸ்டூல் போட்டு ஏறி, கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறேன். "அப்போ இது வெயிலுக்கு வாங்கினதா?" என்கிறாள் மனைவி.

பிளம்பரிடம் பைப்புக்கு விலை கேட்டிருக்கிறேன். நண்பர் வீட்டுக்கு என்று சொல்லி.